அரக்கோணத்தில் குடியிருந்துகொண்டு சென்னைக்கு வேலைக்குப் போய்வரலாமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் வாடகை உயரும்போதெல்லாம் அரக்கோணத்தில் வீடு பார்க்கலாமா என்று விசாரிப்பவர்களின் எண்ணிக்கையும் உயர்கிறது. இந்த ஊர்க்காரன் என்று தெரிந்தவுடன் உறவினர்களும் அலுவலக நண்பர்களும் ரயிலில் எதிர் இருக்கையில் அமர்ந்திருப்பவர்களும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே வரிசைப்படுத்தி, எனக்குத் தெரிந்த அளவில் விடை எழுதியிருக்கிறேன். குடியேறும்படி யாரையும் தூண்டுவதோ தடுப்பதோ என் நோக்கமில்லை.

அரக்கோணம் சென்னைக்குப் பக்கம்தானே? புறநகர் மாதிரிதானே?

சென்ட்ரலிலிருந்து மேற்கே சுமார் 69 கிலோமீட்டர். புறநகர் மின்சார ரயில் வருகிறது என்பதால் பலரும் இதைச் சென்னையின் புறநகர் என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் இது தனியான நகராட்சி. முன்பு வேலூர் மாவட்டத்தில் இருந்து, 2019-இல் இராணிப்பேட்டை மாவட்டத்துக்கு மாறிய ஊர். ஆவடியையோ அம்பத்தூரையோ போலச் சென்னையோடு வீடு வீடாக ஒட்டி வளர்ந்ததல்ல; திருவள்ளூரைத் தாண்டினால் இன்றும் வயல்களுக்கும் ஏரிகளுக்கும் நடுவில்தான் ரயில் ஓடுகிறது.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியபோது இந்த வழியாகத்தான் சென்றது. பிறகு ஜோலார்பேட்டை, ரேணிகுண்டா, செங்கல்பட்டு ஆகிய மூன்று திசைகளுக்கும் பாதை பிரியும் சந்திப்பாக ஊர் வளர்ந்தது. மின் இன்ஜின் பணிமனை, பொறியியல் பணிமனை, ரயில்வே குடியிருப்புகள் என்று ரயிலை நம்பியே பல தலைமுறைகள் வாழ்ந்திருப்பதால், விடியற்காலையில் சோற்று டப்பாவுடன் நிலையத்துக்கு நடப்பது இங்கே யாருக்கும் விசித்திரமாகத் தோன்றாது.

போக எவ்வளவு நேரம் ஆகும்?

எல்லா நிலையங்களிலும் நிற்கும் மின்சார ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். புளியமங்கலம், மோசூர், திருவாலங்காடு, மணவூர் என்று தொடங்கி சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் வரை ஏறத்தாழ முப்பது நிலையங்கள் இருக்கின்றன. சில நிலையங்களை விட்டுச் செல்லும் விரைவு மின்சார ரயில்களில் ஒன்றரை மணி நேரமும், எக்ஸ்பிரஸ் வண்டிகளில் ஏறத்தாழ ஒரு மணி நேரமும் போதும். கால அட்டவணை இப்படிச் சொன்னாலும், பேசின் பிரிட்ஜுக்கு வெளியே சிக்னலுக்காக நிற்கக்கூடிய நிமிடங்களையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்விக்கு உண்மையான விடை, உங்கள் வீட்டு வாசலிலிருந்து அலுவலக நாற்காலி வரை ஆகும் நேரம்தான். வீட்டிலிருந்து நிலையம், வண்டி நிறுத்துமிடம், நடைமேடை, ரயில், இறங்கியபின் அடுத்த பேருந்து அல்லது மெட்ரோ, அதன்பின் நடை ஆகிய அனைத்தையும் கூட்டினால், ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாதவர்களே நான் அறிந்தவர்களில் அதிகம்.

எக்ஸ்பிரஸில் ஒரு மணி நேரம்தானே? தினமும் அதிலேயே போய்விடலாமே?

போகிறவர்கள் இருக்கிறார்கள். ஜோலார்பேட்டையிலிருந்து வரும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் போன்ற வண்டிகள் அன்றாடப் பயணிகளாலேயே நிரம்புகின்றன. ஆனால் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் முன்பதிவு செய்யப்பட்ட பெட்டியில் ஏற முடியாது. முன்பதிவில்லாப் பெட்டியில்தான் செல்ல வேண்டும். சூப்பர்ஃபாஸ்ட் வண்டிகளுக்குத் தனிக் கூடுதல் கட்டணம் உண்டு. வந்தே பாரத், சதாப்தி போன்றவற்றில் சீசன் டிக்கெட் செல்லவே செல்லாது.

தொலைவிலிருந்து வரும் வண்டியின் முன்பதிவில்லாப் பெட்டி அரக்கோணத்துக்கு வரும்போதே நிரம்பியிருக்கும். அரக்கோணத்திலேயே புறப்படும் மின்சார ரயிலிலோ சன்னலோர இருக்கைகூடக் கிடைக்கும். திருத்தணியிலிருந்து வருவதாக இருந்தால் அந்த வசதி கொஞ்சம் குறையும். சுருங்கச் சொன்னால், வேகமான வண்டியில் நின்றுகொண்டும் மெதுவான வண்டியில் உட்கார்ந்துகொண்டும் போகலாம். இருபத்தைந்து வயதில் முதலாவதைத் தேர்ந்தெடுத்தவர்கள் நாற்பதில் இரண்டாவதற்கு மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

சீசன் டிக்கெட்டில் உண்மையிலேயே மிச்சமாகுமா?

மிகவும். இரண்டாம் வகுப்பு மாதச் சீசன் டிக்கெட்டின் விலை, ஏறத்தாழ பதினைந்து ஒருவழிப் பயணங்களின் கட்டணம்தான். அதாவது எட்டு நாள் போய்வந்தாலே போட்ட பணம் எடுபட்டுவிடும். மீதி நாட்கள் இலவசம் என்றே கொள்ளலாம். மூன்று மாதத்துக்கு எடுத்தால் மாதக் கட்டணத்தைப் போல 2.7 மடங்கும், ஆறு மாதத்துக்கு 5.4 மடங்கும், ஓராண்டுக்கு 10.8 மடங்கும் வசூலிக்கிறார்கள். முதல் வகுப்புச் சீசன் இரண்டாம் வகுப்பைப் போல நான்கு மடங்கு.

வந்த புதிதில் ஓராண்டுக்கு எடுத்துவிடாதீர்கள். ஏன் என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

ஆபீஸ் சென்னையில்தான். எந்த ஏரியா என்பது அவ்வளவு முக்கியமா?

வேறெதையும்விட முக்கியம். என்னிடம் விசாரிப்பவர்கள் வாடகையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசிவிட்டு, அலுவலகம் இருக்கும் இடத்தைக் கடைசியில்தான் சொல்கிறார்கள். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரே ஊரில் குடியிருந்து ஒரே ரயிலில் ஏறும் இரண்டு பேரின் வாழ்க்கை, இறங்கும் நிலையத்தைப் பொறுத்து முற்றிலும் வேறாகிவிடுகிறது.

ஆவடி, அம்பத்தூர், பட்டரவாக்கம், வில்லிவாக்கம், பெரம்பூர் ஆகிய இடங்களில் வேலை என்றால் அரக்கோணம் உங்களுக்காகவே அமைந்த ஊர். ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலைக்கும், அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலைக்கும் நெடுங்காலமாக இந்த வழியில் ஆட்கள் போய்வருகிறார்கள். சென்ட்ரல் வரை போக வேண்டிய தேவையில்லை. அந்தக் கடைசி அரை மணி நேரமும், அதன்பின் வரும் மாறுதல்களும் உங்களுக்கு மிச்சம்.

சென்ட்ரலுக்குச் சுற்றுவட்டாரத்தில், அதாவது பாரிமுனை, எழும்பூர், சேப்பாக்கம், அண்ணா சாலையின் வடபகுதி ஆகிய இடங்களில் வேலை என்றால் சமாளிக்கலாம். சென்ட்ரலில் மெட்ரோ இருக்கிறது. எதிரில் பூங்கா நிலையத்தில் தாம்பரம் வழித்தட ரயில் கிடைக்கும். பூங்கா நகர் நிலையத்திலிருந்து வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் உண்டு. கிண்டி என்றால் யோசிக்க வேண்டும். சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று பழைய மகாபலிபுரம் சாலையில் தினமும் அலுவலகம் போக வேண்டும் என்றால், வேண்டாம் என்றே சொல்வேன். நகரின் ஒரு முனையிலிருந்து நுழைந்து எதிர் முனையில் வெளியேற வேண்டியிருக்கும். வாடகை பூஜ்யமாக இருந்தாலும் அது கட்டுப்படியாகாது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் வேலை செய்பவர்களின் கணக்கே வேறு. அவர்களுக்கு ரயில் பயன்படாது. நிறுவனப் பேருந்து அரக்கோணம் வரை வருகிறதா என்பதை மட்டும் விசாரித்தால் போதும்.

வாடகையில் மிச்சமாவது போக்குவரத்திலேயே போய்விடாதா?

பணமாகப் பார்த்தால் போகாது. சீசன் டிக்கெட் அவ்வளவு மலிவு. இரண்டாவது இருசக்கர வாகனம், நிலையத்தில் வண்டி நிறுத்தக் கட்டணம், ரயிலைத் தவறவிட்ட நாளின் செலவு ஆகியவற்றைச் சேர்த்தாலும் கையில் மிஞ்சும். முன்பணத்திலும் மிச்சம் உண்டு. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்ற பழக்கம் எளிதில் போவதாக இல்லை. சிறிய ஊர்களில் பேசிக் குறைக்க முடிகிறது.

செலவாவது நேரம். ஒரு வழிக்கு இரண்டரை மணி என்றால் நாளைக்கு ஐந்து மணி. மாதம் 22 வேலை நாட்களுக்கு 110 மணி நேரம். மாதம் மிச்சமாகும் தொகையை இந்த 110-ஆல் வகுத்துப் பாருங்கள். அந்தத் தொகைக்கு உங்கள் ஒரு மணி நேரத்தை விற்கச் சம்மதமா என்பதே கேள்வி. ரயிலில் தூங்குவேன், படிப்பேன் என்பவர்களுக்கு அந்த நேரம் முழுவதும் வீணல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். போட்டித் தேர்வுக்கு ரயிலிலேயே படித்துத் தேறியவர்களைப் பற்றி இந்த வழித்தடத்தில் எவரிடம் கேட்டாலும் ஒரு பெயர் சொல்வார்கள்.

ஊர் அமைதியாக இருக்கும் என்கிறார்களே, உண்மையா?

சென்னையோடு ஒப்பிட்டால் உண்மை. இரவு ஒன்பதரைக்குக் கடைத்தெரு அடங்கிவிடும். விடுமுறை நாட்களில் தெருவில் கோலம் அழியாமல் மாலை வரை இருக்கும். ஆனால் சந்திப்பு என்பதால் சரக்கு ரயில்களின் ஓசை இரவு முழுவதும் உண்டு. அருகில், 1992 முதல் இயங்கும் ஐ.என்.எஸ். ராஜாளி என்ற கடற்படை விமானத்தளம் இருக்கிறது. கண்காணிப்பு விமானங்களும் ஹெலிகாப்டர் பயிற்சியும் அங்கேதான். பழகியவர்கள் காதில் இவை விழுவதில்லை. கைக்குழந்தையை அப்போதுதான் தூங்கவைத்தவர்களுக்கு விழும்.

எனவே ஊரின் அமைதியை விசாரிக்காமல் தெருவின் அமைதியை விசாரியுங்கள். வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராதீர்கள். ஒரு வேலை நாளில் விடியற்காலையிலும், ஒருமுறை இரவு பத்து மணிக்குப் பிறகும் அந்தத் தெருவில் நின்று பாருங்கள். ரயில் பாதை ஊரைப் பிரித்துச் செல்வதால், நிலையத்தின் எந்தப் பக்கம் வீடு, பாதையைக் கடக்க எந்தப் பாலத்தையோ சுரங்கப்பாதையையோ நம்ப வேண்டும், மழையில் அங்கே தண்ணீர் நிற்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். சுவால்பேட்டையிலும் பழனிபேட்டையிலும் கடைத்தெருவும் நிலையமும் பக்கம். வெளியே தள்ளிப் போகப் போக வாடகையும் இரைச்சலும் குறைந்து, ஆட்டோச் செலவு கூடும்.

வெயில் அதிகமாமே?

அதிகம்தான். சென்னையைப் பிற்பகலில் காப்பாற்றும் கடற்காற்று இவ்வளவு உள்ளே வரும்போது தாமதமாகிவிடுகிறது அல்லது வலுவிழந்துவிடுகிறது. அருகிலுள்ள திருத்தணியின் பெயர் கோடையில் மாநிலத்தின் அதிக வெப்பநிலைப் பட்டியலில் அடிக்கடி இடம்பெறுவதைக் கவனித்திருப்பீர்கள். மேல்தளத்தில் மேற்குப் பார்த்த வீடு மலிவாகக் கிடைத்தால், மே மாத மின்கட்டணத்தையும் வாடகையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வசதி எப்படி?

பன்னிரண்டாம் வகுப்பு வரை கவலையில்லை. அரசுப் பள்ளிகள், உதவிபெறும் பள்ளிகள், தனியார் பள்ளிகள் இருக்கின்றன. ராஜாளி வளாகத்தில் கேந்திரிய வித்யாலயாவும் உண்டு. அங்கே மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கே முன்னுரிமை. கல்லூரிக்கு வெளியே போக வேண்டியிருக்கலாம்; அப்போது வீட்டில் இரண்டாவது சீசன் டிக்கெட் வந்து சேரும்.

மருத்துவம் சற்று நிதானமாக யோசிக்க வேண்டிய விஷயம். காய்ச்சல், பிரசவம், எலும்பு முறிவு போன்றவற்றுக்கு ஊரிலேயே அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனைகளும் இருக்கின்றன. இதயம், மூளை, சிறுநீரகம் என்று வந்தால் சென்னை அல்லது வேலூர். காட்பாடி ரயிலில் சுமார் 60 கிலோமீட்டர், வேலூர் சி.எம்.சி.க்கு முன்பதிவு செய்துகொண்டு போய்வருவது சென்னைவாசியைவிட நமக்கு எளிது. ஆனால் நள்ளிரவு நெஞ்சுவலிக்கு 60 கிலோமீட்டர் நெடுந்தொலைவு. வயதான பெற்றோருடன் வருபவர்கள் அவர்களுடைய நோய் எந்த வகை என்பதைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

நான் பெண். இரவு எட்டு மணிக்கு ஆபீஸ் முடியும். தனியாகப் போய்வரலாமா?

ரயிலில் மகளிர் பெட்டி இருக்கிறது. அன்றாடம் போய்வரும் பெண்கள் ஒருவரையொருவர் அறிந்து, இடம் பிடித்து வைத்து, வராதவரைக் கைபேசியில் விசாரிக்கும் பழக்கமும் இருக்கிறது. ஆனால் திருவள்ளூரில் பெரும்பாலோர் இறங்கிவிடுவார்கள். அதன் பிறகு அரக்கோணம் வரை உள்ள பகுதியில் மகளிர் பெட்டி காலியாகிவிடும் இரவுகள் உண்டு. அப்போது பொதுப் பெட்டிக்கு மாறிக்கொள்வதையே பலர் பாதுகாப்பாகக் கருதுகிறார்கள். ரயில்வே காவல் உதவி எண் 139.

எட்டு மணிக்கு அலுவலகம் விட்டால் வீடு சேரப் பத்தரை தாண்டும். அந்த நேரத்தில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு எப்படிப் போவீர்கள் என்பதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். நடந்து போகும் தொலைவில், தெருவிளக்குள்ள வழியில் வீடு அமைந்தால் சற்றுக் கூடுதல் வாடகை கொடுத்தாலும் தவறில்லை.

பெருமழையில் ரயில் நின்றுவிட்டால்?

நின்றுவிடும், அன்று வீட்டுக்கு வர முடியாமலும் போகலாம். சாலை வழி இருக்கிறது என்றாலும், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை அரக்கோணத்தைத் தொடுவதில்லை. திருவள்ளூர் வழியாகவோ காஞ்சிபுரம் வழியாகவோ சுற்ற வேண்டும். பேருந்துகளும் குறைவு. சென்னைக்குள் ஓர் இரவு தங்க உறவினர் வீடோ நண்பர் அறையோ இருப்பது அவசியம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டபோது, ராஜாளி தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் இயக்கப்பட்டன. சென்னையிலிருந்து வெளியேற மக்கள் அரக்கோணத்துக்கு வந்த விசித்திரமான சில நாட்கள் அவை. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காம் பட்டாலியன் இங்கேதான் இருக்கிறது என்பதையும் சொல்லிவைக்கிறேன். அன்றாடப் பயணிக்கு அதனால் பெரிய பயனில்லை.

எனக்கு வாரத்துக்கு இரண்டு நாள்தான் ஆபீஸ். அப்போது?

அப்படியானால் மேலே சொன்ன எச்சரிக்கைகளில் பாதியை நீங்கள் தள்ளுபடி செய்துகொள்ளலாம். 110 மணி நேரம் 40–45 ஆகக் குறைந்துவிடும். சீசன் டிக்கெட் எடுப்பதா, அன்றன்றைக்கு டிக்கெட் வாங்குவதா என்பது ஏறக்குறைய சமமாக நிற்கும். மேலே சொன்ன எட்டு நாள் கணக்கைப் பாருங்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை செய்பவர்கூட இந்த நிலையில் யோசிக்கலாம்.

வீட்டில் மின்தடை எவ்வளவு நேரம், இணைய இணைப்பு எந்த நிறுவனத்துடையது அந்தத் தெருவில் நன்றாகக் கிடைக்கிறது என்பவை உங்களுக்கு ரயிலைவிட முக்கியம். நிறுவனம் திடீரென்று ஐந்து நாளும் வரச்சொன்னால் என்ன செய்வீர்கள் என்பதையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

வாடகைக்குப் பதிலாக மனை வாங்கி வீடே கட்டிவிடலாமே? "சென்ட்ரலுக்கு ஒரே மணி நேரம்" என்று விளம்பரம் பார்த்தேன்.

அந்த ஒரு மணி நேரம் எப்படிப்பட்டது என்பதை மூன்றாவது கேள்வியில் பார்த்தோம். மனை இருக்கும் இடத்திலிருந்து நிலையத்துக்கு ஆகும் நேரத்தை விளம்பரங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. ஓராண்டு வாடகைக்கு இருந்து, ஒரு கோடையையும் ஒரு வடகிழக்குப் பருவமழையையும் பார்த்த பிறகே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாங்கும்போது தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம் ஆகியவற்றோடு, மனைப்பிரிவுக்கு உரிய நகர்த் திட்ட அமைப்பின் அங்கீகாரமும் இருக்கிறதா என்று பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெரா எனப்படும் வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவும் வேண்டும். அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டு விதிகள், 2016 அக்டோபர் 20 வரை விற்கப்பட்டவற்றுக்கே பொருந்தும். "பிறகு அப்ரூவல் வாங்கித் தருகிறோம்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். ஏரிகள் நிறைந்த பகுதி என்பதால், நிலம் நீர்நிலைப் புறம்போக்கில் சேர்ந்ததா, ஏரி நிரம்பினால் தண்ணீர் எந்தப் பக்கம் வழியும் என்பதைக் கிராமத்துப் பெரியவர்களிடம் கேட்பது வழக்கறிஞரிடம் கேட்பதற்கு இணையானது.

பரந்தூர் விமான நிலையம் வந்தால் விலை ஏறிவிடுமாமே?

2022-இல் பரந்தூர் அறிவிக்கப்பட்டதிலிருந்து இந்த வாதத்தைத் தரகர்கள் சொல்லிவருகிறார்கள். நிலம் கையகப்படுத்தலை ஏகனாபுரம் மக்கள் தொடர்ந்து எதிர்த்துவருகிறார்கள். விமானம் பறக்கும் நாள் எதுவானாலும், இடைப்பட்ட காலத்தில் தினமும் ரயில் ஏறப்போவது நீங்கள்தான். குடியிருக்க வீடு, விலை ஏறக் காத்திருக்க மனை, இரண்டுக்கும் வெவ்வேறு கணக்கு.

நான் ஒருவன்தான் அலைவேன். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் நிம்மதியான ஊர் கிடைக்கும். அது போதாதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் காலை ஆறு மணிக்குக் கிளம்பி இரவு எட்டரைக்கு வருபவர், வார நாட்களில் அந்த வீட்டில் விருந்தாளிதான். பால்காரர், தண்ணீர், பள்ளிப் பெற்றோர் கூட்டம், மாமியாரின் மருந்து, கேஸ் சிலிண்டர் அனைத்தும் வீட்டிலிருப்பவர் தலையில் விழும். அலைவது ஒருவர் மட்டும் என்பது ரயிலைப் பொறுத்தவரைதான் உண்மை.

மனைவி வேலைக்குப் போகிறவராக இருந்தால் இன்னும் தெளிவாகப் பேச வேண்டும். அரக்கோணத்துக்கு வந்தபின் அவருக்கு ஏற்ற வேலை உள்ளூரில் கிடைக்காமல், மெதுவாக வேலையையே விட்டுவிடும் நிலை பல வீடுகளில் நேர்கிறது. இழந்த அந்தச் சம்பளத்தை யாரும் வாடகை மிச்சத்திலிருந்து கழித்துப் பார்ப்பதில்லை. தாய்வீடோ உறவினரோ அருகில் இருந்தால் நிலைமை மாறும். காஞ்சிபுரம், திருத்தணி, சோளிங்கர் பக்கத்தைச் சொந்த ஊராகக் கொண்ட குடும்பங்கள் இங்கே எளிதாக வேர்பிடிப்பதற்கு அதுதான் காரணம். யாரும் இல்லாத ஊரில் அமைதி சில மாதங்களில் தனிமையாகிவிடக்கூடும். வீட்டில் இருக்கப்போகிறவரே வீட்டைத் தேர்ந்தெடுக்கட்டும். ரயிலில் போகிறவருக்கு நிலையத்துக்கு உள்ள தொலைவு சரியாக இருந்தால் போதும்.

இதற்குத் திருவள்ளூரிலேயே இருந்துவிடலாமே?

இருக்கலாம். சென்ட்ரலுக்குச் சுமார் 42 கிலோமீட்டர், ரயில்களும் அதிகம். அதற்கேற்ப வாடகையும் நெரிசலும் கூடுதல். காலையில் அங்கே ஏறுபவருக்கு உட்கார இடம் கிடைப்பது அரிது. தாம்பரம், கிண்டிப் பக்கம் வேலை என்றால் இந்த வழித்தடத்தையே விட்டுவிட்டுச் செங்கல்பட்டைப் பாருங்கள்.

வந்து பார்த்துப் பிடிக்காவிட்டால்?

திரும்பிவிடுவதற்கான வழியை வரும்போதே அமைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் காலி செய்வதற்கான முன்னறிவிப்பு எத்தனை மாதம் என்பது எழுதப்பட்டிருக்கட்டும். சீசன் டிக்கெட்டை முதல் இரண்டு மாதங்களுக்கு மாதம் மாதம் எடுத்து, பிறகு காலாண்டுக்கு மாறலாம். பிள்ளைகள் இருந்தால் ஏப்ரல், மே மாதங்களில் குடிவருவது நல்லது. கல்வியாண்டின் நடுவில் வந்தால், பிடிக்காவிட்டாலும் அடுத்த ஜூன் வரை நகர முடியாது.

குடிவருவதற்கு முன்பே ஒரு சோதனை செய்யலாம். அரக்கோணத்தில் நண்பர் வீட்டிலோ விடுதியிலோ ஒரு வாரம் தங்கி, திங்கள் முதல் வெள்ளி வரை இங்கிருந்தே அலுவலகம் போய்வாருங்கள். திங்கட்கிழமை எவருக்கும் எளிதாகத்தான் இருக்கும். வியாழன் மாலை சென்ட்ரலில் ரயிலுக்காக நிற்கும்போது உங்கள் உடம்பு என்ன சொல்கிறதோ, அதை வைத்து முடிவெடுங்கள்.